நிற்க முடியாத தாயின் நிறை

அனுப்புநர்:
பி. கொன்ஸ்ரன்ரைன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
இல. 41/6, தேவாலய ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தாய் சேய் நலப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: சக்கர நாற்காலியில் உள்ள கர்ப்பிணித் தாய்மாருக்கு நிறையும் இரத்த அழுத்தமும் பார்க்க வசதி செய்தல், என் மகள் திருமதி மரியகொறற்றி பேர்னாட் பற்றிய அறிக்கையில் ஒரு வாக்கியத்தைத் திருத்துதல்.

தொடர்பு: எனது 1995.05.08, 1995.09.11, 1996.08.26 ஆம் திகதிக் கடிதங்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முன்னைய மூன்றுக்கும் 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. பதில் எழுதிய உத்தியோகத்தருக்கு நன்றி. உரிய பிரிவு எதுவென்று விசாரித்துப் பார்த்தேன். அது தங்களுடைய பிரிவுதான் என்று சொன்னார்கள்.

தங்கள் நேரத்தை வீணாக்காமல் முதலிலேயே விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பதினைந்து வாரக் கர்ப்பிணி. முதற் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்தக் கர்ப்பத்தில் இன்றுவரை அவளுடைய நிறையை யாரும் பார்க்கவில்லை, இரத்த அழுத்தத்தையும் பார்க்கவில்லை. சென்ற முறையும் இப்படித்தான் தொடங்கியது. அது எப்படி முடிந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

1. கொறற்றிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. இரண்டாம் வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் வலுவிழந்தன. அவளால் நிற்க முடியாது. பிடித்துக்கொண்டும் நிற்க முடியாது. கைகள் நல்ல பலமானவை. வீட்டிலிருந்தே தட்டெழுத்து வேலை செய்கிறாள். எங்கள் வட்டாரத்தில் மனு எழுத வேண்டியவர்கள் அவளிடந்தான் வருவார்கள். தங்கள் அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் சிலவற்றை அவள் தட்டியிருக்கவும் கூடும். இந்த மனுவை மட்டும் நான் கையால் எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும். 1993இல் அவளுக்கும் துறைமுகத்தில் வேலை செய்யும் பேர்னாட்டுக்கும் திருமணம் நடந்தது. என் மனைவி அதைக் காண இருக்கவில்லை. மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

2. 1994ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவள் முதன்முறை கருவுற்றாள். எங்கள் வட்டாரக் கிளினிக்கின் நடைமுறை தாங்கள் அறிந்ததே. ஆயினும் தலைமையகத்தில் இருப்பவர்கள் கீழ்மாடியைப் பார்க்க வாய்ப்புக் குறைவு என்பதால் விளக்குகிறேன். வாசலுக்குள் நுழைந்ததும் மேசை, மேசைக்குப் பக்கத்தில் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசு. தாய் தராசில் ஏற வேண்டும். நிறையை அட்டையில் எழுதிய பிறகுதான் வரிசை எண் கொடுப்பார்கள். எண் உள்ளவர் பத்தொன்பது படிகள் ஏறி மாடிக்குப் போக வேண்டும். சிறுநீர் பார்ப்பதும் அழுத்தம் பார்ப்பதும் வைத்தியர் இருப்பதும் மாடியில்.

ஆக, தராசில் நிற்காதவருக்கு நிறை இல்லை. நிறை இல்லாதவருக்கு எண் இல்லை. எண் இல்லாதவருக்கு வைத்தியர் இல்லை. கணக்கு வழியில் இது சரியாகத்தான் இருக்கிறது. முதல் வரியில்தான் பிழை.

3. மூன்று புதன்கிழமைகள் போனோம். முதல் நாள் மேசையில் இருந்த அம்மையார், "பொட்டக் ஹிட்டகன்ன நோனா, கொஞ்சம் நில்லுங்கோ, ஒரு நிமிஷம் போதும்" என்று சிங்களத்திலும் தமிழிலும் மிக அன்பாகவே கேட்டார். ஒரு நிமிடம் நிற்க முடிந்தவள் ஏன் இருபத்தைந்து வருடம் நாற்காலியில் இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாம் புதன் பேர்னாட் அவளைத் தூக்கித் தராசின்மேல் பிடித்துக்கொண்டார். முள் ஆடியது. இன்னொருவர் கை பட்டால் நிறை சரிவராது என்று இறக்கச் சொன்னார்கள். அதுவும் நியாயமே. மூன்றாம் புதன் அவர் பொறுமையிழந்து அவளைச் சுமந்துகொண்டு பத்தொன்பது படியும் ஏறிவிட்டார். மேலே, "எண் எங்கே?" என்றார்கள். மறுபடி சுமந்து இறங்கினார். வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொறற்றி முகத்தைக் கணவரின் தோளில் மறைத்துக்கொண்டாள். நான் கீழே வெற்று நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன்.

4. எங்கள் பகுதிக் குடும்ப மருத்துவிச்சி நல்லவர். "நீங்க கஷ்டப்பட்டு வரத் தேவையில்லை மாஸ்டர், நான் வீட்டுக்கு வந்து பாக்கிறன்" என்றார். சொன்னபடி வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இரும்புச்சத்துக் குளிசை தந்தார், சாப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுத்தார். அழுத்தம் பார்க்கும் கருவி அவரிடம் இல்லை. அது மாடியில் இருக்கிறது, இறங்கி வருவதில்லை. அவர் வரும்போதெல்லாம் அட்டையில் மற்றக் கட்டங்களை நிரப்பி, நிறைக்கும் அழுத்தத்துக்கும் உரிய கட்டங்களை வெறுமையாக விட்டுப் போனார். அவர் வருகிறாரே என்ற ஆறுதலில் வேறு வைத்தியரைத் தேடவேண்டும் என்று எங்களுக்குப் படவில்லை.

5. இனி எழுதுவது என்னுடைய பிழை. தங்கள் விசாரணை அறிக்கையிலும் அது இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

வெறுமையான கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கணித ஆசிரியனால் முடியாது. ஜிந்துப்பிட்டியில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஜனாப் பலீல் என் நண்பர். அவருடைய களஞ்சியத்தில் மூடை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. நிலத்தோடு ஒட்டிய பலகை. நாற்காலியோடு மகளை அதில் ஏற்றுவதற்குக் விரற்கடை உயரம்கூடத் தூக்க வேண்டியதில்லை. முதலில் வெறும் நாற்காலியை நிறுத்தோம்: பதினெட்டுக் கிலோ. பிறகு அவளோடு நிறுத்தோம். கழித்தோம். சாக்கின் பாரத்தைக் கழித்து அரிசியின் பாரம் காண்பது போன்ற கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும். விடையை அட்டையில் உரிய கட்டத்தில் என் கையால் எழுதினேன். அடுத்த முறை வந்த மருத்துவிச்சி பதறிப்போனார். "மாஸ்டர், இது அரசாங்க அட்டை. வேற ஆள் இதில எழுதப்படாது, எனக்குத்தான் பேச்சு விழும்" என்று கோடு போட்டு வெட்டினார். அன்றிலிருந்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வாரங்கள் கிடையாக, கிலோக்கள் நிலைக்குத்தாக. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தேன்.

சனிக்கிழமைகளில் லொறிகள் போன பிறகு நாங்கள் போவோம். களஞ்சியத்தில் வேலை செய்பவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். கொறற்றி அந்த நாட்களில் நன்றாகச் சிரித்தாள் ஐயா. "அப்பா, நான் சம்பாவோ நாட்டரிசியோ?" என்று கேட்பாள். இருபதாம் வாரம் நாற்பத்து மூன்று கிலோ. இருபத்தெட்டில் நாற்பத்தாறு. முப்பத்து மூன்றில் நாற்பத்தெட்டரை. 1995 மார்ச் 11ஆம் திகதி, முப்பத்து நான்காம் வாரம், ஐம்பத்தொன்றரை.

ஒரே வாரத்தில் மூன்று கிலோ.

ஜனாப் பலீல் கைதட்டினார். "மாஸ்டர், மூணு கிலோ! மாஷா அல்லாஹ், புள்ள வளருது. நம்மட தராசு பொய் சொல்லாது" என்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்து அவள் மடியில் வைத்தார். பேர்னாட், "மாமா, பிள்ளை உங்கட கோட்டையும் தாண்டி ஓடுது" என்றார். நான் வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து அந்தப் புள்ளியை இட்டேன். கோடு செங்குத்தாக ஏறியது. பார்க்கப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதன் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன். பிள்ளைகளின் கொப்பிகளில் எழுதிப் பழகிய கை.

அது பிள்ளையின் நிறை அல்ல, உடம்பில் தேங்கிய நீர் என்று பின்னர் ஆஸ்பத்திரி வைத்தியர் சொன்னார். ஒரு தாய் ஒரு வாரத்தில் அவ்வளவு பாரம் ஏறினால் உடனே அழுத்தம் பார்க்கவேண்டும், முதலாம் ஆண்டுத் தாதிக்கே அது தெரியும் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. தராசு உண்மையைத்தான் சொன்னது. படித்தவன் பிழையாகப் படித்தான். கால்கள் வீங்கியிருந்தனவா என்றும் கேட்டார். வீங்கியிருந்தன. ஆனால் வாதம் வந்த கால்கள், எந்நேரமும் தொங்கியிருப்பவை, எந்நாளும் கொஞ்சம் வீங்கியும் குளிர்ந்தும் இருப்பவை. அதைப் புதிதென்று நாங்கள் எண்ணவில்லை. திங்களன்று அவளுக்குத் தலையிடி. தட்டெழுத்து வேலை கூடிவிட்டது என்று கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

6. மார்ச் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த வைத்தியர்களை நான் எந்நாளும் செபத்தில் நினைப்பேன். பெண் பிள்ளை. ஒரு கிலோ அறுநூறு கிராம். அந்த நிறையைப் பார்க்கவும் எழுதவும் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை.

பிள்ளையை வேறொரு மாடியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வைத்தார்கள். தாய்மார் மூன்று மணிக்கு ஒருமுறை நடந்துபோய்ப் பால் கொடுக்க வேண்டும். என் மகளின் நாற்காலி அவளிடம் இல்லை. வெளியிலிருந்து வரும் சக்கரங்களில் அழுக்கு இருக்கும் என்று அனுமதிக்கும்போதே பேர்னாட்டிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வார்டில் ஒரு நாற்காலி இருந்தது. அதைத் தள்ள ஒரு சிற்றூழியர், அவருக்கு நாற்பது கட்டில்கள். கட்டிலோ அவளுடைய தோள் உயரம். இறங்கினால் ஏறமுடியாது. "ஆள் வந்ததும் கூட்டிப்போறம்" என்றார்கள். ஆள் ஒருமுறை வந்தார். வியாழக்கிழமை பிற்பகல் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கால் மணி நேரம் அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் தெமட்டகொடையைச் சேர்ந்த பத்மாவதி என்ற தாய் இருந்தார். தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகும்போது கொறற்றி கிண்ணத்தில் பிழிந்து கொடுக்கும் பாலையும் எடுத்துப் போனார். திரும்பி வந்து, "அக்கா, மூணு கரண்டி குடிச்சாளாம்" என்பார். "உங்கட மூக்குத்தான் அக்கா, பாத்தாலே தெரியுது" என்பார். தன் பிள்ளையைப் பற்றி என் மகள் அறிந்ததெல்லாம் அவர் சொல்லி அறிந்தவைதான். வெள்ளிக்கிழமை, 17ஆம் திகதி முற்பகல், கிண்ணம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. பத்மாவதி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

7. ஏப்ரல் மாதம் குழந்தை இறப்பு விசாரணை நடந்தது. அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இவ்வாறு உள்ளது: 'தாய் கிளினிக்குக்கு ஒழுங்காகச் சமுகமளிக்கவில்லை. குடும்பத்தினர் அங்கீகாரமற்ற முறையில் நிறை பார்த்துள்ளனர்.' இரண்டாவது வாக்கியம் உண்மை. அது என் தலையில் இருக்கட்டும். முதல் வாக்கியம் பொய்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வரவுப் பதிவேடு கூப்பிட்டவன். வாசலில் நிற்கும் பிள்ளையை உள்ளே எடுக்காமல் 'வரவில்லை' என்று குறிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. என் வகுப்பில் சுடலைமுத்து என்றொரு மாணவன் இருந்தான். மிகக் குள்ளம். கரும்பலகை எட்டாது. கணக்குச் செய்யச் சொன்னால் பலகையின் கீழ் விளிம்பில் இரண்டு வரி எழுதிவிட்டு நிற்பான். அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் புள்ளி போடவில்லை. அவன் ஏறி நிற்க ஒரு வாங்கை இழுத்து வைத்தேன். வகுப்பில் அது ஒரு பெரிய விடயமாக யாருக்கும் படவில்லை. நான் இப்போது கேட்பதும் அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று தாங்கள் எண்ணலாம். என் மகள் அதை நம்பிவிட்டாள் ஐயா. மூன்று புதன் போனதை மறந்துவிட்டாள். "நான் இன்னும் ரெண்டு புதன் போயிருந்தால் எப்பிடியும் பாத்திருப்பினம்" என்கிறாள். அரசாங்கம் எழுத்தில் சொன்னதை அப்பா வாயால் மறுத்தால் எடுபடுவதில்லை. மனுக்களைத் தட்டியே வளர்ந்தவள், எழுத்துக்கு உள்ள பலம் அவளுக்குத் தெரியும்.

8. இந்த ஆண்டு அவள் மறுபடியும் கருவுற்றாள். செப்டெம்பர் 4ஆம் திகதி, முன்கூட்டியே தங்களுக்கு எழுதிவிட்டு, கிளினிக்குக்குப் போனோம். அதே மேசை, அதே தராசு. புதிதாக வந்திருந்த ஒருவர் பழைய கோப்பைப் புரட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், "இவ போன முறையும் வராத ஆள்" என்றார். மெல்லத்தான் சொன்னார். கொறற்றி நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, நான் இனி அந்தப் படிக்குக் கீழ போய் இருக்கமாட்டன்" என்றாள்.

ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அவர் பரிசோதிக்கும் முன்பே கிளினிக் அட்டையைக் கேட்டார். இப்படி வலிப்பு வந்த தாயைத் தனியே பொறுப்பெடுக்க முடியாது, கிளினிக்கில் பதிந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எடுத்து வாருங்கள் என்றார். விடயம் மறுபடி அந்த மேசைக்கே வந்து நிற்கிறது. ஜனாப் பலீல் தன் தராசுகளில் ஒன்றைக் கிளினிக்குக்கு இலவசமாகத் தருவதாகக் கையொப்பமிட்டுத் தந்தார். அதைக் கொண்டுபோனேன். வெளியார் பொருளை அரசாங்கக் கட்டடத்தில் வைக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். மேலிடம் தாங்களே.

சனிக்கிழமை களஞ்சியத்துக்குப் போவோமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை. கொப்பியை இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

9. எவரையும் தண்டிக்கக் கேட்டு இதை எழுதவில்லை. அதனால்தான் ஊழியர்கள் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. மேசையில் இருப்பவர் தராசின்படி நடக்கிறார். மருத்துவிச்சி அட்டையின்படி நடக்கிறார். அவரும் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்தான். நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு தராசை வைக்கவும், நிறை பார்க்க முடியாவிட்டாலும் எண் கொடுக்கவும், மாடியில் உள்ள அழுத்தக் கருவியை இப்படிப்பட்ட தாய்க்காகக் கீழே கொண்டுவரவும் தாங்கள் ஓர் உத்தரவிட்டால் போதும். ஆஸ்பத்திரியில் ஒரு தாயின் நாற்காலியை அவளிடமிருந்து எடுக்கவேண்டாம் என்றும் எழுதுங்கள். சக்கரத்தைக் கழுவலாம். நாங்கள் கழுவித் தருகிறோம். அறிக்கையில் 'சமுகமளிக்கவில்லை' என்பதை வெட்டி, 'மூன்று முறை சமுகமளித்தார், பரிசோதிக்கப்படவில்லை' என்று எழுதித் தாருங்கள்.

10. இம்மனுவில் என் மகளின் கையொப்பம் இல்லாததைத் தாங்கள் கவனிப்பீர்கள். நேற்று இதன் வரைவை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன், தட்டித் தருவாள் என்ற எண்ணத்தில். முழுவதையும் வாசித்தாள். பத்மாவதி பற்றிய இடத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு, "அப்பா, கோரிக்கையில நாள் போடவேணும். இல்லாட்டிப் பைலுக்குள்ள போய்ப் படுத்திடும்" என்றாள். தட்டித் தருகிறாயா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினாள். "நல்லா எழுதியிருக்கிறியள். அனுப்புங்கோ. ஆனா நான் வரமாட்டன்."

ஆகவே அவள் சொன்னபடி நாள் குறிப்பிடுகிறேன். எதிர்வரும் கிளினிக் நாள் ஒக்டோபர் 16, புதன்கிழமை. அன்று அவளுக்குப் பதினேழாம் வாரம். அவளை அந்த வாசலுக்கு அழைத்துவர என்னால் இயலாது. அவளுடைய கணவராலும் இயலாது. முயன்று தோற்றுவிட்டோம். எனவே அந்த நாளுக்கு முன் அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி மன்றாடுகிறேன். அவர் வைத்தியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முள்ளைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். 'வரவில்லை' என்று எழுதியவர்களே வாசலுக்கு வந்து நின்றால் அவள் கதவைத் திறக்கக்கூடும். நிச்சயம் திறப்பாள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் இப்போது பிள்ளையைப் பற்றிக் கதைப்பதே இல்லை. பெயரும் யோசிக்கவில்லை. துணியும் தைக்கவில்லை. இன்று காலை விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். கை வீங்குகிறதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கும் தெரியவில்லை ஐயா. பார்த்துச் சொல்லக்கூடியவர் எவரும் இந்த வீட்டில் இல்லை.

வருபவருக்காகப் பகல் முழுவதும் வீட்டில் காத்திருக்கும்,

(ஒப்பம்) பி. கொன்ஸ்ரன்ரைன்

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 1996.10.03

இணைப்பு:
1. கிளினிக் அட்டையின் பிரதி (1994/95)
2. விசாரணை அறிக்கை, நான்காம் பக்கம்
3. ஜனாப் பலீல் அவர்களின் கடிதம்
4. சதுரக்கோட்டுக் கொப்பி, மூலப் பிரதி. இதைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.